படம் பாக்குறதுக்கு ஒரு டிகிரியா?

வணக்கம் ஆசிரியர் சார்,

போன ஞாயிறு இணைப்புல வெளிநாட்டுப் படிப்புகள் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. அதுல பிரான்ஸ்ல சினிமா பாக்குறதுக்கே பட்டம் குடுக்குறாங்களாம்னு ஒரு வரி, நல்லா சிரிச்சுக்கிட்டே எழுதின வரி. பக்கத்துலயே ஒரு பெட்டிச் செய்தி, 1895ல சினிமாவோட முன்னோடிங்களான லூமியேர் சகோதரர்கள் பாரிஸ்ல ரயில் வர்ற படத்த காட்டினப்போ ஜனங்க ரயில் தங்க மேல ஏறிடும்னு பயந்து எந்திரிச்சு ஓடினாங்கன்னு. நான் அந்தப் படிப்ப தான் படிச்சேன். புதுச்சேரியில பிரெஞ்ச் படிச்சிட்டு இங்க பாரிஸுக்கு வந்து மூணு வருஷம் லிசான்ஸ் (நம்ம ஊரு இளநிலைப் பட்டம் மாதிரி), அதுக்கு மேல மாஸ்டர், எல்லாம் சினிமா வரலாறும் படப் பகுப்பாய்வும். கிண்டல் எனக்குப் பழகிப் போச்சு, ஊருக்கு வந்தா கல்யாண வீட்ல "எந்த ஹீரோவ வச்சும்மா எடுக்கப் போற"ன்னு கேக்காத சித்தப்பா கெடையாது, அத விடுங்க. ஆனா அந்த ரயில் கதைய பத்திரிகையில உண்மை மாதிரி போட்டதால தான் இத எழுதுறேன், ஏன்னா அந்தக் கதைய ஒடைக்கிறதுல தான் எங்களுக்கு முதல் வருஷப் பாடமே ஆரம்பிச்சுது.

1895 டிசம்பர் 28, பாரிஸ்ல கிராண்ட் கஃபேயோட கீழ்த்தளத்துல ஒரு ஹால், டிக்கெட் ஒரு பிராங்க், முதல் நாள் வந்தவங்க 33 பேர்னு சொல்வாங்க, காட்டினது பத்து குட்டிப் படம், ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷத்துக்கும் கொறைவு. அந்தப் பத்துல ரயில் படமே கெடையாது சார். லா சியோத்தா ஸ்டேஷன்ல ரயில் வர்ற படம் அடுத்த மாசம் 1896 ஜனவரியில தான் திரைக்கு வந்துச்சு. அதுக்கு அப்புறமும் ஜனங்க அலறியடிச்சு ஓடினாங்கன்றதுக்கு அந்தக் காலத்து பத்திரிகைச் செய்தியோ போலீஸ் ரெக்கார்டோ ஆராய்ச்சி பண்ணவங்க கைக்கு சிக்கல. அப்போ இந்தக் கதை ஏன் இத்தன வருஷமா ஓடுது, யாருக்கு இது வசதியா இருந்துச்சு, முதல் பார்வையாளர்களெல்லாம் வெவரம் தெரியாதவங்கன்னு நெனச்சா நம்ம எவ்வளவு புத்திசாலியாத் தெரியிறோம், இப்பிடித் தான் பாடம் போகும். வரலாறுன்னா தேதிய மனப்பாடம் பண்றதுன்னு நெனச்சு வந்து ஒக்காந்தவங்களுக்கு அங்கயே ஒரு குட்டு விழுந்துடும்.

அடுத்தது லூமியேர் ஃபேக்டரியில இருந்து வேலையாளுங்க வெளிய வர்ற படம். லியோன்ல மோன்பிளேசிர்ங்கிற எடத்துல எடுத்தது, நம்ம எல்லாரும் எங்கயாவது பாத்திருப்போம். அதுல மூணு வெர்ஷன் இருக்குன்னு எனக்கு அங்க வந்து தான் தெரியும். ஒண்ணுல வண்டிய ஒரு குதிரை இழுத்துட்டு வரும், ஒண்ணுல ரெண்டு குதிரை, ஒண்ணுல குதிரையே இல்ல. மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு போட்டுக் காட்டி, என்னென்ன வித்தியாசம்னு எழுதுங்கன்னு மட்டும் சொல்லிட்டு பேராசிரியர் போய் ஓரமா நின்னுக்குவாங்க. பத்து நிமிஷம் யாருக்கும் ஒண்ணும் தோணாது. அப்புறம் மெல்ல ஒவ்வொண்ணா வரும், உடுப்பு வேற, ஒண்ணுல நல்லா உடுத்திட்டு வந்திருக்காங்க, நெழல் விழுற பக்கம் வேற, வெளிய வர்றவங்க பாதிப் பேரு இடது பக்கம் பாதிப் பேரு வலது பக்கம் பிரிஞ்சு போறாங்க, கேமராவுக்கு நேரா வந்து மொறைச்சுப் பாக்குறவங்க கிட்டத்தட்ட இல்லவே இல்ல. வேல முடிஞ்சு வீட்டுக்குப் போற அத்தன ஜனமும் முன்னாடி முக்காலியில நிக்கிற விநோத பெட்டிய திரும்பிக்கூட பாக்காம போவாங்களா? அப்போ யாரோ சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. ஐம்பது செகண்டுக்குள்ள, ஃபிலிம் தீர்றதுக்குள்ள, எல்லாரும் வெளிய வந்துடணும். உலகத்தோட முதல் டாக்குமெண்டரின்னு நம்ம சொல்லிட்டு இருக்குறதுல டைரக்‌ஷன் இருக்கு, ரீடேக் இருக்கு. இத எந்தப் புத்தகமும் பாத்து சொல்லல, மொத்த கிளாசும் வெறும் கண்ணால கண்டுபுடிச்சுது. அன்னிக்கு எனக்கு இந்தப் படிப்பு மேல வந்த மரியாதை இன்னும் போகல.

வரலாறுன்னதும் த்ரூஃபோ, கோதார் மாதிரி டைரக்டருங்க கொண்டு வந்த நியூ வேவ்ங்கிற புது அலை, அதோட முடிஞ்சுதுன்னு உங்க கட்டுரையாளர் மாதிரியே நெறைய பேர் நெனைக்கிறாங்க. நியூ வேவ் வரும், ரெண்டாவது வருஷம் வரும், வராம எப்பிடி. ஆனா அதுக்கு முன்னாடி யாரோட பேரு எப்பிடி காணாம போச்சுன்றது தான் பாதிப் பாடம். ஆலிஸ் கீன்னு ஒருத்தங்க, காமோன் கம்பெனியில செக்ரட்டரியா சேர்ந்தவங்க, 1896லயே படம் எடுக்க ஆரம்பிச்சு அந்தக் கம்பெனியோட படத் தயாரிப்பையே பத்து வருஷம் பாத்துக்கிட்டவங்க, அப்புறம் அமெரிக்கா போய் சொந்தமா ஸ்டூடியோ வேற நடத்தினாங்க. அவங்க எடுத்த படங்கள ஆம்பள டைரக்டருங்க பேருல எழுதி வச்ச வரலாற்றுப் புத்தகங்க ரொம்ப நாளா ஓடிட்டு இருந்துச்சு, அந்தம்மா வயசான காலத்துல தன் படத்த தானே தேடி அலைஞ்சு, 1968ல செத்துப் போனாங்க, தன் கதைய எழுதி வச்சது புத்தகமா வந்ததே அதுக்கப்புறம் 1976ல தான். மெலியெஸ் கதை தெரிஞ்சிருக்கும், நிலாவுக்குப் போற படம் எடுத்தவர், 500 படத்துக்கு மேல எடுத்துட்டு 1923ல நெகட்டிவ் எல்லாத்தையும் தானே போட்டு எரிச்சவர், கடைசியில மோன்பர்னாஸ் ரயில்வே ஸ்டேஷன்ல பொம்மைக் கடை வச்சு ஒக்காந்திருந்தார்.

பெர்னார் நத்தான் பேர கேள்விப்பட்டிருக்கீங்களா? நானும் கேள்விப்பட்டதில்ல, இங்க பொறந்து வளந்த என் கூட படிச்ச பிள்ளைங்களும் கேள்விப்பட்டதில்ல. ருமேனியாவுல பொறந்த யூதர், 1929ல "பத்தே"ங்கிற (Pathé) சினிமா கம்பெனிய வாங்கினார், பேசும் படம் வந்த காலத்துல பிரெஞ்சு சினிமாவ நிமிர்த்தினவங்கள்ல ஒருத்தர். கம்பெனி திவாலாச்சு, மோசடி கேஸ்ல ஜெயில், குடியுரிமைய பிடுங்கினாங்க, 1942ல ஜெயில்ல இருந்து விட்ட கையோட ஜெர்மன்காரங்க கிட்ட ஒப்படைச்சு ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்கு அனுப்பிட்டாங்க, திரும்பி வரல. இன்னிக்கு பிரான்ஸ்ல டைரக்‌ஷன் படிக்கணும்னா எல்லாரும் கனவு காணுற லா ஃபெமிஸ் ஸ்கூல் இருக்குறது அவரோட பழைய ஸ்டூடியோ இருந்த அதே ஃப்ரான்கர் தெருவுல தான். அதே போர்க் காலத்துல பாரிஸ்ல ஜெர்மன் பணத்துல கான்டினென்டல்னு ஒரு கம்பெனி நடந்துச்சு, அதுல எடுத்த படங்கள்ல சிலது இன்னிக்கும் கிளாசிக், அத எப்பிடி பாக்குறதுன்னு செமினார்ல சண்டையே நடக்கும், நடந்துச்சு.

இன்னொண்ணு, பிரெஞ்சு டைரக்டர் ரெனுவாரோட "ஆட்டத்தின் விதிகள்"னு அர்த்தம் வர்ற படம். 1939 ஜூலையில ரிலீஸ், ஜனங்க கூச்சல் போட்டாங்க, அவரே வெட்டினார், மறுபடி வெட்டினார், அப்புறம் அரசாங்கம் தடை போட்டுச்சு, போர்ல குண்டு விழுந்து ஒரிஜினல் நெகட்டிவும் போச்சு. இன்னிக்கு நம்ம பாக்குறது கெடைச்ச துண்டெல்லாம் தேடிச் சேத்து 1959ல ரெனுவார் சம்மதத்தோட திரும்ப ஒட்டினது. அதாவது உலகத்துலயே சிறந்த படம்னு லிஸ்ட்ல அடிக்கடி வர்ற படம், ரிலீஸ் அன்னிக்கு இருந்த படமே இல்ல. இந்தப் படத்த வச்சு எங்கள ஒரு வேலை செய்ய வச்சாங்க, வேட்டைக் காட்சிய ஷாட் ஷாட்டா பிரிச்சு எழுதுறது. ஷாட் நம்பர், எத்தன செகண்ட், எவ்வளவு கிட்ட, கேமரா நகருதா நிக்குதா, என்ன சத்தம். படம் முழுக்க நீளமான ஷாட்டு, ஆளுங்க அறைக்கு அறை ஓடுறாங்க, பின்னாடி கதவுல இன்னொரு கதை நடக்குது, கேமரா விடாம பின்னாடியே போகுது. வேட்டை ஆரம்பிச்சதும் துண்டு துண்டா வெட்டு, முயல், பறவை, துப்பாக்கி, மறுபடி முயல். கடைசியில ஒரு முயல் சாகும், காலு மெல்ல இழுத்துக்கும். அந்த ஷாட்ட மட்டும் சீக்கிரமா வெட்டாம விட்டிருப்பார். செகண்ட் கணக்கு எழுதிட்டு இருக்குறவனுக்குத் தான் அது ஒறைக்கும், சும்மா பாக்குறவனுக்கு வயித்த பெசையும், ஏன்னு தெரியாது.

இப்போ பரீட்சைக்கு வர்றேன், ஏன்னா உங்க கட்டுரையாளர் இது ஈஸியான டிகிரின்னு ஜாடையா சொல்லியிருந்தார். இருட்டு ஹால்ல ஒரு படத்துல இருந்து நாலஞ்சு நிமிஷத் துண்டு போடுவாங்க. மூணு தடவ. பாஸ் பண்ண முடியாது, பின்னாடி ஓட்ட முடியாது, இருட்டுல கிறுக்கணும், பேப்பர பாத்தா திரைய விட்டுடுவீங்க, திரைய பாத்தா எழுத்து எழுத்து மேல விழும். அப்புறம் லைட்ட போட்டுட்டு எழுதுன்னு விட்டுடுவாங்க. எனக்கு மறக்காத துண்டு "தீபன்"ல வந்தது. ஜாக் ஓதியார் படம், 2015ல கான் பட விழாவுல தங்கப் பனை விருது வாங்கினது, ஷோபாசக்தி, காளீஸ்வரி சீனிவாசன் நடிச்சது, பெரும்பாலும் தமிழ்லயே பேசுற பிரெஞ்சுப் படம். இலங்கையில ஆரம்பிச்சு, முகாம், பொய் பாஸ்போர்ட், அப்புறம் திடீர்னு இருட்டு. இருட்டுக்குள்ள கலங்கலா சின்னச் சின்ன வெளிச்சம் மினுக் மினுக்னு வருது. என்னன்னு தெரியாது. கிட்ட வர வரத் தான் தெரியும், அது தலையில மாட்டுற பேட்டரி லைட்டு சாமான், பாரிஸ்ல டூரிஸ்ட்டுங்களுக்கு விக்கிறது, அத தன் தலையிலயே மாட்டிக்கிட்டு நம்ம ஆளு தெருத் தெருவா வித்துட்டு வர்றார். 

கூட இருந்த ஒருத்தன் இந்த வெளிச்சம் நம்பிக்கையின் குறியீடுன்னு எழுதினான். பேராசிரியர் திருத்திக் குடுக்குறப்போ ஓரத்துல ஒரே ஒரு கேள்வி, "நம்பிக்கை ஃப்ரேம்ல எந்த மூலையில இருக்கு?" அவ்வளவு தான். அவங்க எதிர்பாத்தது என்னன்னா, முதல்ல ஃபோகஸ் இல்ல, அதனால நமக்கு தூரம் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியுது அத புடிச்சிருக்குற ஆளு தெரியல, ஒரு மனுஷன நமக்கு அறிமுகப்படுத்துறதுக்கு முன்னாடி அவன் விக்கிற சாமான அறிமுகப்படுத்துறாங்க, முந்தின காட்சி வரைக்கும் அவன் யாரு என்ன செஞ்சான்னு தெரிஞ்ச நமக்கே இப்போ அவன அடையாளம் தெரிய சில செகண்ட் ஆகுது, இந்த ஊரு ஜனம் அவன எப்பிடி பாக்குதோ அப்பிடியே நம்மளயும் பாக்க வச்சுட்டாங்க. இது வரைக்கும் சொல்லிட்டு அப்புறமா நம்பிக்கையோ நம்பிக்கையின்மையோ என்ன வேணா சொல்லிக்கோ, தடுக்க மாட்டாங்க. முதல்ல என்ன இருக்கு, அப்புறம் அது என்ன செய்யுது, கடைசியில தான் உனக்கு என்ன தோணுது. புடிச்சுது புடிக்கலைங்கிற பேச்சுக்கு மார்க்கே கெடையாது.

இதச் சொல்லும்போது உங்க பத்திரிகை விமர்சனம் ஞாபகம் வருது, கோவிச்சுக்காதீங்க. ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி, பின்னணி இசை படத்துக்கு பலம், எடிட்டர் இரண்டாம் பாதியில கத்திரிய போட்டிருக்கலாம். இந்த மூணு வரிய எந்தப் படத்துக்கு வேணா போடலாம், போட்டுட்டும் இருக்கீங்க. எந்தக் காட்சியில கத்திரி போட்டிருக்கணும்? எந்த ஷாட்டு நீளம்? பாட்டு எங்க ஆரம்பிச்சிருக்கக் கூடாது? வாரத்துக்கு நாலு படத்துக்கு எழுதுறவருக்கு எடம் பத்தாதுன்னு எனக்குப் புரியுது, ஆனா அந்த நடிகருக்கு ஒதுக்குற அரைப் பக்க பேட்டியில ஒரு பத்தி எடுத்து ஒரே ஒரு காட்சிய ஒழுங்கா விவரிச்சா வாசகர் வேணாம்னு சொல்லப் போறதில்ல.

இந்தப் படிப்பு எப்பிடி யூனிவர்சிட்டிக்குள்ள வந்துச்சுன்றதும் சும்மா வந்த கதை இல்ல. அதுக்கு முன்னாடி படிப்புன்னா சினிமாதெக்னு பாரிஸ்ல இருக்குற படக் காப்பகத்துல போய் ஒக்காந்து பாக்குறது தான், 1936ல ஆன்ரி லாங்லுவாவும் கூட்டாளிகளும் ஆரம்பிச்ச எடம், நியூ வேவ் ஆளுங்க பாதிப் பேரு அங்க படம் பாத்தே வளந்தவங்க. 1968 பிப்ரவரியில அரசாங்கம் லாங்லுவாவ தூக்கினப்போ டைரக்டருங்களே தெருவுல எறங்கி போலீஸ் கிட்ட அடி வாங்கினாங்க, ஏப்ரல்ல அவர திரும்ப ஒக்கார வச்சாங்க, மே மாசம் மாணவருங்க போராட்டம் வெடிச்சது உலகத்துக்கே தெரியும். அந்தக் கலவரத்துக்கு அப்புறம் பொறந்தது தான் வென்சென் யூனிவர்சிட்டி, 1969 ஜனவரியில தொறந்துச்சு, பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாதவங்களும் வந்து படிக்கலாம், சினிமாவுக்கும் அங்க எடம் இருந்துச்சு. 1980ல அத சான்-தெனிக்கு மாத்திட்டாங்க, இப்போ பாரிஸ் 8ன்னு சொல்றது அது தான், தத்துவவாதி டெலூஸ் எண்பதுகள்ல சினிமா பத்தி கிளாஸ் எடுத்தது இங்க தான்.

அந்தக் காலத்துல பகுப்பாய்வு பண்றதுன்னா எடிட்டிங் டேபிள்ல ரீல மாட்டி முன்னயும் பின்னயும் சுத்திச் சுத்தி பாக்கணும், அதுக்கு பிரிண்ட் கெடைக்கணும், நேரம் கெடைக்கணும். கவிதைய மேற்கோள் காட்டலாம், நாவல மேற்கோள் காட்டலாம், ஓடுற படத்த காகிதத்துல எப்பிடி காட்டுவன்னு சினிமா ஆய்வாளர் ரேமோன் பெல்லூர் 1975லயே ஒரு கட்டுரை எழுதினார். இப்போ லேப்டாப்ல ஒரு பட்டன் அமுக்கினா நிக்குது. அதனால எங்க தலைமுறை நல்லா பாக்குதான்னு கேட்டா, ம்ம், அத பேராசிரியருங்க கிட்ட கேளுங்க, மூஞ்சிலயே பதில் இருக்கும்.

இன்னொரு சங்கதி. 1961ல நியூ வேவ் டைரக்டர் ஜாக் ரிவெத் "கயே டு சினிமா"ங்கிற பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதினார், "கப்போ"ங்கிற படத்துல வதை முகாம் மின்சார வேலியில விழுந்து சாகுற பொண்ண நோக்கி கேமரா அழகா நகர்ந்து போய் ஃப்ரேம சரி பண்ணுதே, அந்த நேரத்துல அத செய்யத் தோணின ஆளு மேல எனக்கு வெறுப்பத் தவிர ஒண்ணும் இல்லைன்னு. ஒரு கேமரா நகர்வு, சில செகண்ட், அத வச்சு அறுபது வருஷமா இங்க சண்டை போடுறாங்க. செர்ஜ் டானேங்கிற விமர்சகர் 1992ல அதப் பத்தியே ஒரு நீளமான கட்டுரை எழுதினார், அந்தப் படத்த தான் பாத்ததே இல்லைன்னு ஆரம்பிச்சு. படத்த பாக்காமலே அத வச்சு ஒரு வாழ்நாள் கொள்கை! எங்க கிளாஸ்ல அந்த ஷாட்ட போட்டுக் காட்டினதும் பாதிப் பேரு இதுக்கா இவ்வளவுன்னு கேட்டாங்க. எனக்கு ரிவெத் பக்கம் தான் நியாயம்னு படுது, சாவ அழகா காட்டி கைதட்டல் வாங்குற காட்சிங்க நம்ம ஊருலயும் கொட்டிக் கெடக்கு.

குறையும் சொல்லிடுறேன், இல்லாட்டி விளம்பரம் மாதிரி ஆயிடும். லிசான்ஸ்ல கேமராவ கையில குடுப்பாங்கன்னு நம்பி வராதீங்க, நான் படிச்ச எடத்துல செய்முறைன்னு இருந்தது ரொம்பக் கொஞ்சம். டைரக்‌ஷன், ஒளிப்பதிவு வேணும்னா லா ஃபெமிஸ், லூயி லூமியேர் மாதிரி ஸ்கூலுக்கு நுழைவுத் தேர்வு எழுதணும், எடம் ரொம்பக் கம்மி. முதல் வருஷம் பெரிய லெக்சர் ஹால் நெறைய ஆளு, பாதிப் பேரு ரெண்டாவது வருஷத்துல காணோம். தியரி பேப்பருங்க சிலது பிரெஞ்சுக்காரங்களுக்கே புரியாது, சினிமா தியரி எழுதின கிறிஸ்தியான் மெட்ஸ முதல் தடவ படிச்சப்போ நான் பிரெஞ்ச் படிச்சதே வீணோன்னு தோணுச்சு. பாடத் திட்டத்துல நம்ம பக்கத்து சினிமான்னா சத்யஜித் ராயோட நின்னுடும், அதுவும் ரெனுவார் கல்கத்தா பக்கம் ஷூட்டிங் வந்தப்போ ராய் அவர சந்திச்சார்ங்கிற வழியா. 1905ல திருச்சியில டூபான்ட்ங்கிற பிரெஞ்சுக்காரர் கிட்ட புரொஜெக்டரும் படங்களும் வாங்கி ஊர் ஊரா டென்ட் அடிச்சுக் காட்டின சாமிக்கண்ணு வின்சென்ட் பத்தி நான் தான் செமினார்ல பேசினேன், ஒருத்தருக்கும் தெரியல, ஆனா ரெண்டு பேரு அப்புறம் வந்து கேட்டுக் குறிச்சுக்கிட்டாங்க.

வேலை கெடைக்குமான்னு அப்பாமாருங்க கேப்பாங்க. ஆவணக் காப்பகம், பட விழா, தியேட்டர் நிகழ்ச்சி அமைப்பு, சப்டைட்டில், ஸ்கூல்ல சினிமா கத்துக்குடுக்குறது, இப்பிடித் தான். இங்க ஸ்கூல் பிள்ளைங்கள தியேட்டருக்கு கூட்டிட்டுப் போய் படம் காட்டி கிளாஸ்ல பேச வைக்கிற அரசுத் திட்டமே இருக்கு, அதுல நெறைய பேருக்கு வேலை ஓடுது. சம்பளம் பெருசா இல்ல, பொய் சொல்ல மாட்டேன். செலவு விஷயத்துலயும் உங்க கட்டுரை அரைகுறை. ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்ற மாணவங்களுக்கு 2019ல இருந்து தனிக் கட்டணம் வந்துடுச்சு, அப்போ லிசான்ஸுக்கு வருஷம் 2,770 யூரோ, மாஸ்டருக்கு 3,770ன்னு வச்சாங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறாங்க. சில யூனிவர்சிட்டிங்க விலக்கு குடுக்குது, எதுன்னு வருஷா வருஷம் மாறும், அந்தந்த எடத்துல நேரா கேட்டுக்கணும். கட்டணத்த விட பாரிஸ்ல ரூம் வாடகை தான் உசுர எடுக்கும். பிரெஞ்ச் பி2 லெவல் (கிளாஸ தடங்கல் இல்லாம புரிஞ்சுக்குற அளவு) இல்லாம அப்ளை பண்ணாதீங்க, சினிமா தானே சப்டைட்டில் இருக்கும்னு நெனச்சு வந்து முழிச்சவங்கள பாத்திருக்கேன், சினிமாதெக்ல பழைய பிரெஞ்சுப் படத்துக்கு எவன் சப்டைட்டில் போடுவான். முதல் வருஷத்துக்கு அப்ளிகேஷன் முந்தின வருஷம் டிசம்பர் பாதிக்குள்ள கேம்பஸ் பிரான்ஸ்ங்கிற பிரெஞ்சு அரசு அமைப்பு வழியா போயிடணும், பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம் யோசிக்கலாம்னு இருந்தா ஒரு வருஷம் போச்சு.

அடுத்த இணைப்புல திருத்தம் போடுவீங்களான்னு தெரியல. போட்டா ரயில் கதைய எடுத்துட்டு அந்தப் பெட்டியில ஆலிஸ் கீ பத்தி நாலு வரி போடுங்க, படம் வேணும்னா அவங்க படங்க பலது பழசானதால இலவசமாவே நெட்ல கெடைக்குது.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி, பாரிஸ்